சாம்பிளும் சாக்கும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்குகிறவர் சாக்கைப் பிரித்துப் பார்ப்பதில்லை, சாம்பிளைப் பார்க்கிறார். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏல மையத்தில் இன்று விலை கணினித் திரையில்தான் ஏறுகிறது. என்றாலும் ஏலத்துக்கு வந்த சரக்கில் ஒரு கை காய் வியாபாரியின் முன்னால் வந்தாக வேண்டும். பச்சை இயல்பானதா, சாயமா? பருமன் எவ்வளவு? உள்ளே விதை கறுத்திருக்கிறதா? விரலும் மூக்கும் தீர்ப்புச் சொல்கின்றன. இந்தச் சந்தேகத்தை யாரும் அவநம்பிக்கை என்று ஏசுவதில்லை, தொழில் என்கிறார்கள். விமர்சனம் என்று நான் நினைப்பதும் ஏறக்குறைய இதைத்தான்.

இந்த முறையை நான் எதிர்பாராத ஓரிடத்தில் கண்டேன். வீடியோ கேம் ரசிகன் என்றதும் நம் தோழர்களுக்குத் தோன்றுவது ஒரே சித்திரம்: விளம்பரத்தில் மயங்கிய நுகர்வோன். எம்.ஏ. தமிழ் படித்த நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். 2020 கடைசியில் அக்கா மகன் 'சைபர்பங்க் 2077' என்ற ஆட்டத்துக்காகக் காத்திருந்தான். ஆடுகிறவன் ஒரு பாத்திரமாகி, தன் தேர்வுகளால் கதையை நகர்த்தும் 'ரோல் பிளேயிங்' வகை. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2012இல் அறிவித்தது. 2020 ஏப்ரலில் வர வேண்டியது செப்டம்பர், நவம்பர், டிசம்பர் என்று மூன்று முறை தள்ளிப்போனது. எட்டு வருடமாக இல்லாத ஒரு பிரதியை உலகம் முழுக்க இளைஞர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ட்ரெய்லரின் ஒவ்வொரு சட்டகத்துக்கும் உரை எழுதினார்கள். படைப்பு வருமுன் அதன் அர்த்தம் வந்துவிட்டது.

முன்பணம் கட்டவில்லையா என்று கேட்டேன்.

"இல்ல மாமா. எல்லாத்தையும் பெரிய கம்ப்யூட்டர்ல ஓட்டித்தான் காட்டுறாய்ங்க. நம்மகிட்ட இருக்க பழைய பெட்டியில எப்படி ஓடும்னு ஒருத்தனும் காட்டலயே. சாம்பிள் ஒன்னு, சாக்கு ஒன்னா இருந்தா?"

ஏலக்காய் ஊர்ப் பையனின் கேள்வி அது. நடந்ததும் அதுதான். வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுக்கப்பட்டது கணினி வடிவம் மட்டுமே. தாங்கள் ஆடியதன் காட்சியைக் காட்டவும் அவர்களுக்கு முதலில் அனுமதியில்லை. 80 லட்சம் முன்பதிவுகள் குவிந்திருந்தன. டிசம்பர் 10இல் வந்த ஆட்டம் பழைய பெட்டிகளில் திணறியது, நின்றது. ஒரு வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னது. 2021 ஜனவரியில் நிறுவனத் தலைமை பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தது. திருத்தித் திருத்தி 2023இல் அது நல்ல பெயர் வாங்கியது வேறு கதை.

முன்பணம் நமக்கும் புதிதல்ல. முன்வெளியீட்டுத் திட்டத்தில் பணம் கட்டிப் புத்தகத்துக்குக் காத்திருந்தவர்கள்தான் நாம். அங்கே முதலில்லாத பதிப்பாளரின் சுமையில் வாசகன் தோள் கொடுக்கிறான். இங்கே பங்குச் சந்தையில் நிற்கும் நிறுவனத்தின் நஷ்ட பயத்தை ரசிகன் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறான். ஆட்டம் தொடங்குமுன்பே அவனுக்கு ஒரு பாத்திரம் எழுதப்பட்டுவிட்டது: காத்திருப்பவன். சந்தேகப்படும்போது மட்டுமே அவன் அந்தப் பாத்திரத்திலிருந்து வெளியே வருகிறான். 'சந்தேகமும் சரக்குதான், அதுவும் விளம்பரமாகிவிடும்' என்றார் ஒரு நண்பர். பாதி உண்மை. ஆனால் கடையிலிருந்து ஆட்டத்தை இறக்கவைத்தது விளம்பரமல்ல, ஏமாந்தவர்கள் திருப்பிக் கேட்ட பணம்.

இத்தோடு நிறுத்தினால் நானும் வியாபாரியின் பக்கம் நின்றுவிடுவேன். 2019இல் அந்த நிறுவனம் தன் ஊழியர்களை மிகைநேர வேலைக்குக் கட்டாயப்படுத்துவதில்லை என்று சொல்லியிருந்தது. 2020 செப்டம்பர் முடிவில் வாரம் ஆறு நாள் வேலை வந்தது. அக்டோபரில் தேதி மறுபடி தள்ளிப்போனபோது, ஆட்டத்தைச் செய்துகொண்டிருந்தவர்களுக்குக் கொலை மிரட்டல்கள் போயின. நாம் 'எதிர்பார்ப்பு' என்று மென்மையாகச் சொல்வது இன்னொருவர் உடம்பில் ஆறாவது நாள் வேலையாக இறங்குகிறது. சாக்கில் இருப்பது சாம்பிள்தானா என்று சந்தேகித்த ரசிகன், சாக்கை நிரப்பிய கை யாருடையது என்று கேட்கவில்லை.

போடியில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத் தோட்டத்துக்குப் போகிற பெண்களில் என் அக்காவும் ஒருத்தி. ஏலத் தூரடியில் குனிந்து, தரையோடு கிடக்கும் சரத்தில் முற்றின காயாகப் பார்த்துக் கிள்ளுகிறாள். சாம்பிளும் அவள் எடுத்ததுதான், சாக்கும் அவள் எடுத்ததுதான். காயின் நிறம் சொல்லும் சாம்பிள் அவள் இடுப்பு வலியைச் சொல்லாது. விலை ஏறினாலும் இறங்கினாலும் ஏல மையத்தில் அவளுக்கு நாற்காலி இல்லை.

இதை அவனிடம் சொன்னேன். "ஆட்டம் முடியுறப்ப வேல பாத்தவங்க பேரெல்லாம் ஓடும் மாமா. ஒருத்தரும் பாக்க மாட்டோம், தள்ளிவிட்ருவோம்" என்றான். சற்றுப் பொறுத்து, "ஏலக்கா சாக்குல அதுவும் கெடையாதுல்ல?" என்றான்.

அவனைக் கேலி செய்யும் தகுதி நமக்கில்லை. சாம்பிள் கேட்கும் அவனோடு உட்கார்ந்து, கேள்வியை அடுத்த படிக்குக் கொண்டுபோவதுதான் நம் வேலை.