ஓரக்கோட்டு ஆட்டக்காரர்

“மைக்கேல் சூசைராஜ் பெரிய ஆட்டக்காரரா, இல்லையா? ஒரு வார்த்தையில் சொல்லும்” என்று டீக்கடை பெஞ்சில் நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு வார்த்தையில் முடிகிற காரியம் என்றால் விமர்சனம் என்கிற தொழிலே உலகத்தில் தோன்றியிராது. நாவல்களைப் பற்றியும் என்னிடம் இப்படித்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். பிறகு யோசித்துப் பார்த்ததில், கேள்வி அப்படியொன்றும் மட்டமானதல்ல என்று பட்டது.

சூசைராஜ் 1994இல் பிறந்தவர். ஊர் இரவிபுத்தன்துறை. குழித்துறையாறு கடலில் கலக்குமிடத்திலிருந்து மேற்கே கேரள எல்லை வரை வரிசையாக இருக்கும் எட்டுக் கடற்கரை ஊர்களில் ஒன்று. என்னைப் போன்ற நாஞ்சில் நாட்டு வயற்காட்டு ஆசாமிகளுக்கு அந்தக் கரை, ஒரே ஜில்லாவில் இருந்தும், தூரதேசம். அந்த ஊர்ப்பெயர்களை எங்களில் பலர் நின்று படித்ததே 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் அடித்து, கடலில் போனவர்கள் திரும்பாத செய்தி வந்தபோதுதான். ஆகவே அந்தக் கரையிலிருந்து ஒருவர் வந்தால் அவருக்காக இரங்க நாங்கள் எப்போதும் தயார். அவரை எடைபோட மட்டும் பழகவில்லை.

அங்கே அலைக்கும் வீட்டுக்கும் நடுவே மிஞ்சுகிற மணல்தான் பிள்ளைகளுக்கு மைதானம். மணலில் பந்து உருளாது. உருட்டிவிட்டுப் பின்னால் ஓடுகிற ஆட்டம் அங்கே பலிக்காது. ஒன்று, காலோடு ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும்; இல்லை, கிளப்பிவிட வேண்டும். சூசைராஜின் ஆட்டத்தில் பந்து காலைவிட்டு அதிகம் விலகாததைப் பார்க்கிறபோது எனக்கு அந்த மணல் ஞாபகம் வருகிறது.

2017 ஆரம்பத்தில் சென்னை சிட்டி அணி முதல்முறையாக ஐ-லீகில் இறங்கியபோது அதில் ஆடினார். 2018இல் ஜாம்ஷெட்பூர் போய், ஐ.எஸ்.எல். போட்டியில் முதல் பருவத்திலேயே நாலு கோல் போட்டார். 2019 ஜூனில் தாய்லாந்துக்குக் கிங்ஸ் கோப்பை ஆடப்போன இந்திய அணியில் இடம் கிடைத்தது. அதே வருஷம் கொல்கத்தாவின் ஏ.டி.கே. 2022இல் ஒடிஷா. ஆறு வருஷத்துக்குள் நாலு நகரம், நாலு சட்டை. கொத்தனார் வேலை இருக்கிற ஊருக்குக் கரண்டியோடு போவதைப் போலத்தான் இதுவும்.

இனி குணதோஷம். ஜாம்ஷெட்பூரில் அவர் பந்தோடு எதிராளியை நோக்கி நேரே ஓடுகிறவர். எப்போது எந்தப் பக்கம் திரும்புவார் என்கிற ஆவல் பார்ப்பவனுக்கு இருந்தது. கொல்கத்தாவில் ஸ்பானியப் பயிற்சியாளர் ஹபாஸ் அவரை இடது ஓரக்கோட்டில் நிறுத்தினார். பின்னால் மூன்றே தடுப்பாளர்களை வைத்து ஆடும் முறை அது. பந்து நம்மிடம் இருந்தால் ஓரத்துக்காரர் எதிரியின் மூலைக்கொடி வரை போகவேண்டும். பறிபோனால் நம் கோல் பக்கம் திரும்பி ஓடவேண்டும். அந்த ஓட்டத்தில் பாதிக்குமேல் பந்து காலில் இருக்காது. கணக்குப் புத்தகத்திலும் அது ஏறாது. அணி 2020 மார்ச் 14 அன்று சென்னையின் அணியை 3-1 என்று வென்று சாம்பியன் ஆயிற்று. கொரோனாவினால் அரங்கில் ரசிகர் ஒருவருமில்லை.

இதை முதிர்ச்சி என்று புகழ்கிறவர்கள் உண்டு. நான் பாதிதான் ஒப்புவேன். கூட்டுக் காரியத்துக்கு வளைந்து கொடுத்தது பெரிய பண்பு. ஆனால் அந்த வளைவில் பழைய துடுக்கு கொஞ்சம் போய்விட்டது. நாலு கோலோடு முளைத்தவரிடம் இன்னும் அதிகம் எதிர்பார்த்தோம், அது வரவில்லை. இதைச் சொல்லாமல் விடுவது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

2020 நவம்பர் 20. அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம். எதிரே கேரளா பிளாஸ்டர்ஸ். மறுபடியும் ஆளில்லாத அரங்கு. கால்மணி நேரம் ஆவதற்குள் முழங்கால் போயிற்று. அதோடு அந்தப் பருவமும் போயிற்று. கதை எழுதுகிறவனுக்கு அந்தக் கால்மணி நேரம் சர்க்கரைக் கட்டி. எனக்கும் கை அரித்தது வாஸ்தவம். எழுதினால் என்ன ஆகும்? மனுஷரின் மூன்று வருஷ உழைப்பு மறைந்து, ஒரு முழங்கால் மட்டும் மிஞ்சும். கடற்கரை ஊரைப் புயலாக மட்டும் பார்த்தோமே, அதே தப்பு.

மறுநாள் நண்பரிடம் சொன்னேன்: “பெரிய ஆட்டக்காரர் இல்லை. நல்ல ஆட்டக்காரர்.”

“இவ்வளவுதானா?” என்று முகம் சுளித்தார்.

இவ்வளவுதான். ஆனால் இந்த ‘நல்ல’ என்பதற்கு நம்மிடம் மதிப்பில்லாமல் போனது எப்படி? சிகரமாயிருக்க வேண்டும், அல்லது பரிதாபமாயிருக்க வேண்டும். நடுவில் நின்று தொழிலை ஒழுங்காகச் செய்கிறவனுக்கு நம் பேச்சில் இடமில்லை. இலக்கியத்திலும் அதே கதை. இந்தியா முழுவதிலும் எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள். அதில் நாலு அணிகள் கூப்பிட்டு வைத்துக்கொண்ட ஒருவர் நம் ஜில்லாக்காரர். அடுத்த தடவை ஆட்டம் பார்க்கிறபோது, பந்து எங்கே போகிறது என்பதை விட்டுவிட்டு, ஐந்து நிமிஷம் ஓரக்கோட்டில் ஓடுகிறவரை மட்டும் பாருங்கள். என் நண்பரையும் அப்படிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.