ஐவர் ஒப்பினால் போதுமா?

தொழில்சார் உடல்நல ஆய்வேடு எதைப் புரட்டினாலும் ‘வல்லுநர் ஐவரால் சரிபார்க்கப்பட்ட வினாப்பட்டியல்’ என்ற வரி கண்ணில் படுகிறது. கேள்விகள் சரிதானா என்று யாராவது கேட்டால், ‘உள்ளடக்க ஏற்புக் குறியீடு 1.00’, அதாவது ஐவரும் ஒப்பினார்கள், என்று பதில் வரும். அதற்கு மேல் பேச இடமில்லை.

இம்முறையை வீண் என்று தள்ள மாட்டேன். ஒரே கேள்வியில் இரண்டைத் திணித்திருந்தாலோ முக்கிய அறிகுறி விடுபட்டிருந்தாலோ மருத்துவர் கண்டுபிடித்துவிடுவார். வல்லுநர் ஒப்புதலை எண்ணாக்க 1975-இல் உளவியலாளர் லாஷே தந்த கணக்கு ஆய்வாளரின் தன்னிச்சைக்கு ஓரளவு கடிவாளமும் போட்டது.

ஆனால் இந்த ஒருமித்த கருத்து எதையெல்லாம் வெளியே தள்ளுகிறது? ஆய்வாளர் லின் 1986-இல் சொன்ன அளவுகோலின்படி, வல்லுநர்கள் ஐந்து பேரோ அதற்குக் குறைவோ என்றால் எல்லாரும் ஒப்ப வேண்டும். ஒருவர் மறுத்தாலும் 0.80, கேள்வி தேறாது. இதைப் பெரம்பலூர்ப் பருத்திக் காட்டுக்குக் கொண்டுபோவோம். பூச்சிமருந்து அடிப்பவரிடம் ‘முகக்கவசம், கையுறை அணிகிறீர்களா?’ என்று கேட்பதை ஐவரும் ஏற்பார்கள், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. மருந்தடித்த காட்டில் இரண்டொரு நாளில் களையெடுக்க இறங்கும் பெண்களைப் பற்றிய கேள்வி என்னாகும்? மருந்தில் நனைந்த சட்டையை வீட்டில் யார் துவைக்கிறார் என்பது? காடு தெரிந்தவர் ஐவரில் ஒருவர் இருந்தால் அவர் மட்டும் மதிப்பெண் போடுவார். மற்ற நால்வர் கைவிரிக்க, 0.20 என்று கேள்வி கழிந்துபோகும். தெரிந்தவருக்கும் ஒரு வாக்கு, தெரியாதவருக்கும் ஒரு வாக்கு. பருத்திக்கு மருந்தடித்தவர்கள் அதன் நச்சேறிப் பெரம்பலூரில் இறந்த 2017-க்குப் பிறகும் இந்தக் கணக்கை நம்புவது எனக்கு விளங்கவில்லை.

அரியலூர் சிமென்ட் ஆலைகளில் வேறு விதம். ‘இந்த ஆலையில் எத்தனை ஆண்டு?’ என்ற கேள்வி நிரந்தரத் தொழிலாளிக்குப் பொருந்தும். ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவர் சில மாதம் சிமென்ட் மூட்டை ஏற்றுவார், பிறகு சுண்ணாம்புக்கல் சுரங்கம், அப்புறம் பெரம்பலூர்ப் பக்கம் கல் உடைக்கும் கிரஷர். நுரையீரலில் சேர்வது எல்லா இடத்துத் தூசியும். தாளில் ஏறுவதோ கடைசி ஆலையின் எட்டு மாதம். அதையும் மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போதுதான் சொல்ல வேண்டியிருக்கும். ஐவரில் யாருக்கு இது தோன்றும்? பெரும்பாலும் அவர்கள் வழிகாட்டிப் பேராசிரியரின் பக்கத்து அறைக்காரர்கள்.

பதில் சொல்லப்போகிறவர்களிடமே கேள்வியின் பொருத்தத்தையும் விடுபட்டதையும் கேட்க வேண்டும் என்று வினாப்பட்டியல் போன்ற உடல்நல அளவீட்டுக் கருவிகளை மதிப்பிட 2018-இல் வெளியான காஸ்மின் (COSMIN) நெறிமுறை சொல்கிறது. நம் ஆய்வேடுகளில் அது ‘முன்சோதனை’ என்ற பெயரில், பட்டியலை நிரப்ப எத்தனை நிமிடம் ஆனது என்று குறிப்பதோடு முடிந்துவிடுகிறது. களையெடுப்பவர் ஒருவரையும் மூட்டை ஏற்றுபவர் ஒருவரையும் அந்த ஐவரில் சேர்க்கட்டும். குறியீடு 1.00-லிருந்து இறங்கும், இறங்கினால் இறங்கட்டும்.