செய்தியும் ஸனதும்

திருமறையின் 49-ஆம் அத்தியாயமாகிய 'அல்ஹுஜுராத்' பதினெட்டே வசனங்கள் கொண்டது. அதன் ஆறாம் வசனம், வரும் செய்தியைத் தெளிந்தபின் ஏற்குமாறு பணிக்கிறது. பதினோராம் வசனம், இழிபெயர் சூட்டுவதை விலக்குகிறது. பன்னிரண்டாம் வசனம், வீண் ஐயத்தைத் தடுக்கிறது. இவை இவ்வரிசையில் அமைந்திருப்பது ஆழ்ந்து நோக்கற்பாலது. ஆராயப்படாத செய்தி பெயராகிறது. பெயர் ஐயமாக முற்றுகிறது. ஒரு மக்கட் பிரிவைப் பற்றிப் பொதுமக்கள் கொள்ளும் எண்ணத்தைச் செய்தித்தாளும் தொலைக்காட்சியும் உருவாக்கும் முறை இதுவேயாகும். 2020-ஆம் ஆண்டின் கொரோனாக் காலச் செய்திகளே இதற்குச் சான்று.

அவ்வாண்டு மார்ச் நடுவில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸில் தப்லீக் ஜமாஅத்தினர் கூடினர். தமிழகத்திலிருந்தும் பலர் சென்றிருந்தனர். மார்ச் 25-ல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அங்குத் தங்கியிருந்தோரிடையே தொற்று காணப்பட்டது. நோய் பரவும் வேளையில் பெருங்கூட்டம் கூட்டியது தகுமா என வினவுவது நியாயமே. அதற்கு விடையிறுக்கும் பொறுப்பு அமைப்பாளர்களைச் சாரும். ஆனால் தொலைக்காட்சிகளில் நாள்தோறும் எழுந்த வினா அமைப்பாளரைப் பற்றியதாக நிற்கவில்லை. ஒரு சமுதாயத்தையே நோக்கித் திரும்பிற்று.

முதலில் செய்தியைப் பார்ப்போம். நாட்டில் கண்டறியப்பட்ட 14,378 நோயாளிகளுள் 4,291 பேர் மர்கஸோடு தொடர்புடையோர் என்று ஏப்ரல் 18-ல் மத்திய நல்வாழ்வு அமைச்சகம் அறிவித்தது. ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது. இவ்வெண்ணைப் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் ஹதீஸ் கலை பயின்றோர் 'மத்ன்' எனும் வாசகத்தை மட்டும் நோக்கி அமையார். அது வந்த வழியாகிய 'ஸனதை'யும் ஆராய்வர். இவ்வெண் வந்த வழி யாது? மர்கஸுக்குச் சென்று வந்தோரும் அவரோடு பழகியோரும் ஊர் ஊராகத் தேடப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டனர். ஏனையோரிடையே பரிசோதனை அந்நாளில் மிகக் குறைவு. ஒரு குளத்தில் மட்டும் வலை வீசியவன், மீனெல்லாம் அக்குளத்தில்தான் என்று கூறுதல் பொருந்துமா? எண்ணைச் சொன்னவர்கள் வலை வீசிய இடத்தையும் சேர்த்துச் சொல்லியிருத்தல் வேண்டும்.

அடுத்தது பெயர். 'வெற்றிலை நட்டான்' என்றால் இலையை நட்டான் என்று எவரும் கொள்ளார். சினையின் பெயர் முதலுக்கு ஆகி வந்தது என்பர் இலக்கணம் கற்றோர். இலக்கணத்தில் இது அழகு. செய்தியில் இதே முறை கொடுமையாகிவிடும். ஒரு கூட்டத்திற்குச் சென்ற சிலருடைய பெயர், செல்லாத கோடிக்கணக்கானோர் மீதும் ஏறிவிடுகிறது. அதனினும் கொடியது 'கொரோனா ஜிஹாத்' என்னும் தொடர். 'ஜஹ்து' என்றால் முயற்சி. நன்மைக்காக முயன்று உழைத்தலே ஜிஹாத். அச்சொல்லை நோயோடு பிணைத்தவர்கள், தொற்றுக்கு ஆளான மனிதனையே தொற்றை ஏவியவனாக்கிவிட்டார்கள்.

வேறு சொல் கிட்டாமற் போனதா? இல்லை. தமிழக நல்வாழ்வுத்துறை தன் அறிக்கைகளில் சமய அமைப்பின் பெயரை விடுத்து, 'ஒரே மூலம்' எனப் பொருள்படும் சொல்லை ஆண்டது. எச்சமூகத்தின் மீதும் நோயின் பெயரால் பழி சுமத்தலாகாது என்று மத்திய அமைச்சகமே ஏப்ரல் 8-ல் அறிவுறுத்தியது. நல்ல சொல் இருந்தும் தீய சொல்லைத் தேர்ந்ததே குற்றம்.

மூன்றாவது ஐயம். காய்கறி விற்கச் சென்ற ஏழை முஸ்லிம் வணிகரைப் பெயர் கேட்டுத் துரத்திய செய்திகள் பல மாநிலங்களிலிருந்து வந்தன. நோயை விட விரைவாகப் பரவியது ஐயமே.

நீதிமன்றங்கள் பின்னர்ப் பேசின. 2020 ஆகஸ்ட் 21-ல் மும்பை உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டினர் 29 பேர் மீதான வழக்குகளை நீக்கி, அச்சு ஊடகமும் மின்னணு ஊடகமும் செய்த பெரும் பிரசாரத்தைக் கண்டித்தது. டிசம்பர் 15-ல் டெல்லி நீதிமன்றம் வெளிநாட்டினர் 36 பேரை விடுவித்தது. அவர்களுக்கு இடமளித்ததாகக் குற்றஞ்சாட்டப்பெற்ற இந்தியர் 70 பேர் மீதான 16 வழக்குகளை டெல்லி உயர்நீதிமன்றம் 2025 ஜூலை 17-ல் நீக்கியது. பழி பரவியது சில நாட்களில். அது நீங்க ஐந்தாண்டுகள். பழியைக் கேட்டவர்களுள் எத்தனை பேர் தீர்ப்பையும் கேட்டிருப்பர்?

இந்நிலையில் நம் கடமை யாது? 'ஊடகமே பகை' என்று ஒரேயடியாகப் பேசுவோமாயின், நாமும் அதே ஆகுபெயர்ப் பிழையைச் செய்தவராவோம். அந்நாளிலேயே பொய்ச்செய்திகளை ஆராய்ந்து மறுத்த பத்திரிகையாளரும் இருந்தனர். மேலும், நம் கைப்பேசிக்கு வரும் பிறர் பற்றிய செய்திகளை நாம் தெளிந்தா அனுப்புகிறோம்? கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதும் என்னும் நபிபெருமானார் (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை, இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் ஸஹீஹின் முன்னுரையிலேயே வைத்தார்கள். பகைமை கூட நீதியினின்று நம்மை வழுவச் செய்யலாகாது என்பது 'அல்மாயிதா'வின் எட்டாம் வசனம் தரும் கட்டளை.

ஹதீஸ் கலையை நம் மத்ரஸாக்கள் நூற்றாண்டுகளாகப் போற்றி வருகின்றன. அறிவித்தவர் யார், அவர் நேரில் கண்டாரா, நம்பத்தக்கவரா, இடையில் ஆள் விடுபட்டதா என்னும் வினாக்களை நம் பிள்ளைகள் காலைச் செய்தித்தாளிடமும் கேட்கப் பழகட்டும். பிழை கண்டவிடத்துச் சினந்து கூவாமல், சான்றோடு ஆசிரியருக்கு எழுதட்டும். பிறரைப் பற்றிய செய்தியாயினும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்க்கட்டும். நமக்கு வேண்டும் நீதியைப் பிறருக்கும் வழங்கும் நாவே, நீதி கேட்கும் தகுதி பெற்ற நாவாகும்.