ஆறு நோயாளிகளும் ஒரு குடிநோயாளியும்

2025 பிப்ரவரியில் ப்ராக்ரஸிவ் மெட்டல் குழு ட்ரீம் தியேட்டரின் ‘பாரசோம்னியா’ ஆல்பம் வெளிவந்ததிலிருந்து பழைய பல்லவி ஒன்றை மறுபடியும் எடுத்திருக்கிறார்கள். மனநோயைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசிய இசை மெட்டல்தான். அதிலும் ப்ராக்ரஸிவ் மெட்டலின் கோணல் தாளங்களும் திடீர்த் திருப்பங்களும் பிறழ்ந்த மனத்தை அப்படியே படம் பிடிக்கின்றன. இரண்டும் கூடி உச்சம் தொட்ட இடம் 2002இல் வந்த ‘சிக்ஸ் டிகிரீஸ் ஆஃப் இன்னர் டர்புலன்ஸ்’ இரட்டை ஆல்பத்தின் இரண்டாம் வட்டு. தூக்கக் கோளாறுகளைக் கையிலெடுத்த புது ஆல்பம் அந்த உச்சத்தின் தொடர்ச்சியாம். இந்தப் பல்லவியில் ஆல்பத்தின் பெயரும் ஆண்டும் மட்டும்தான் சரி.

தாளத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். ஏழு எண்ணிக்கை வந்ததும் ராக் கேட்டுப் பழகிய காது தடுமாறுகிறது. அது நாலுக்கே பழகிய காதின் தடுமாற்றம். அதை மனத்தின் தடுமாற்றம் என்று வியாக்கியானம் செய்துவிட்டார்கள். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபுவில் க்ஷேத்ரக்ஞர் பதம் கேட்டு, தொடையில் நிதானமாகத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஏழு பித்து என்றால் நம் ரசிகர்களில் பாதிப்பேரை எங்கே சேர்ப்பது? மனச்சோர்வில் மாதக்கணக்காகக் கிடந்தவர்கள் திருப்பங்களைப் பற்றிப் புகார் சொல்வதில்லை. ஒன்றுமே திரும்பவில்லை என்பதுதான் அவர்கள் புகார். ஒரே நினைப்பு, ஒரே சுவர், அதே விடிகாலை. நொடிக்குப் பதினாறு சுரம் வாசிக்கிற கிதார்க்காரரிடம் இதற்குப் பதில் கிடையாது.

முன்கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். 1969இல் கிங் க்ரிம்சன் தன் முதல் பாட்டிலேயே ‘ஸ்கிட்சாய்டு’ மனிதனை நிறுத்தியது. அவன் நோயாளியே அல்ல, வியட்நாம் காலத்து நாகரிகத்துக்கு வைத்த பெயர். அடுத்த ஆண்டு ப்ளாக் சபாத்தின் ‘பாரநாய்ட்’ மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில், ஆடம்பரமே இல்லாமல், காரியத்தை முடித்தது. 1973இல் தி ஹூ ‘க்வாட்ரஃபீனியா’வில் ஒரு பையனுக்கு நான்கு ஆளுமைகளைப் பிரித்துக் கொடுத்து இரட்டைத் தட்டு போட்டார்கள். தங்கள் குழுவின் சிட் பாரெட் கண்முன்னால் மனம் கலைந்துபோனதைப் பார்த்த பிங்க் ஃப்ளாய்டுக்காரர்கள் எழுபதுகள் முழுக்க அந்தக் கடனை அடைத்தார்கள். அவர்களிடம் மட்டும் விஷயம் கைப்பட்ட விஷயமாக இருந்தது. மெட்டாலிகா 1986இல் ஒரு பாட்டின் வழியே மனநலக் காப்பகத்துக்குள் போய் வந்தது. 1988இல் க்வீன்ஸ்ரைக்கின் ‘ஆபரேஷன்: மைண்ட்கிரைம்’ நினைவிழந்த ஓர் ஆளை மருத்துவமனைப் படுக்கையில் போட்டு அரசியல் துப்பறியும் கதை சொன்னது. நல்ல கதை. ஆனால் நோய் அதில் கதையைத் திறக்கும் சாவி, அவ்வளவுதான்.

விவகாரம் 1994இல்தான் தொடங்குகிறது. ட்ரீம் தியேட்டரின் ‘அவேக்’ ஆல்பத்தில் ‘எ மைண்ட் பிசைட் இட்செல்ஃப்’ என்ற முப்பாடல் தொகுதி இருக்கிறது. அதன் நடுப்பாட்டு ‘வாய்சஸ்’, காதில் குரல் கேட்பவனைப் பற்றியது. கிதார்க்காரர் ஜான் பெட்ரூச்சி சிரத்தையாகப் படித்து எழுதிய பாட்டு, அந்தச் சிரத்தை தெரியவும் செய்கிறது. ஆனால் ஆல்பத்தின் கடைசியில் யாரும் எதிர்பாராத இடத்தில் ‘ஸ்பேஸ்-டை வெஸ்ட்’ வருகிறது. கீபோர்ட் வாசித்த கெவின் மூர் தனியாக எழுதிக் கொண்டுவந்தது. ஆல்பம் கடைக்கு வருவதற்குள் அவர் குழுவை விட்டுப் போய்விட்டார். ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டில் கிதார் சோலோ இல்லை. பியானோவில் ஒரு தொடர் சுற்றிச் சுற்றி வருகிறது. எங்கிருந்தோ பிடித்த பேச்சுத் துணுக்குகள் நடுவில் கசிகின்றன. குழு மொத்தமும் உள்ளே வரும்போது கூட அது வெற்றி முழக்கமாக ஆவதில்லை, பாரம் கூடுகிறது. விட்டுப் போனவரின் பாட்டு என்பதால் 2014 வரை குழு அதை மேடையேற்றவே இல்லை. சாகசக்காரர்கள் நிறைந்த ஒரு குழுவின் பட்டியலில் மிகச் சிறந்த பாட்டு, சாகசமே இல்லாத இந்தப் பாட்டு என்பது என் கட்சி.

மூர் அடுத்து தலைகாட்டிய இடங்களில் ஒன்று ஃபேட்ஸ் வார்னிங் குழுவின் ‘எ ப்ளெசன்ட் ஷேட் ஆஃப் க்ரே’, 1997. விருந்தாளிக் கீபோர்ட்காரராக. அக்குழுவின் கிதார்க்காரர் ஜிம் மேத்தியோஸ் எழுதிய அந்த ஆல்பம் ஒரே பாட்டு, பன்னிரண்டு பாகம். தூக்கம் வராத ஒருவனின் இரவு, பின்னோக்கி ஓடும் அவன் நினைவு, இதற்கு மேல் கதை கிடையாது. மார்க் ஸாண்டரின் டிரம்ஸைக் கவனித்துக் கேளுங்கள். எண்ணிக்கையெல்லாம் கோணல்தான், ஆனால் அவர் அதைக் காட்டிக்கொள்வதில்லை. மின்விசிறியின் சத்தத்தைப் போல பின்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரே கிதார்த் தொடர் மூன்றாம் முறை, நாலாம் முறை திரும்பும்போது எரிச்சல் வருகிறது. தூக்கம் வராதவனுக்கும் அந்த எரிச்சல்தானே. நோயின் பெயர் எங்கும் சொல்லப்படவில்லை. இதைப் பட்டியல் போடுகிறவர்கள் மறந்துவிடுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பெயர் இல்லாததை எந்தத் தலைப்பின் கீழ் சேர்ப்பது?

இனி அந்த இரட்டை ஆல்பம். 1997இல் ட்ரீம் தியேட்டர் இரட்டை ஆல்பம் போட ஆசைப்பட்டது, இசை நிறுவனம் இசையவில்லை. 1999இல் ‘சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி’ ஜெயித்த பிறகு கையைப் பிடிப்பார் இல்லை. 2001இல் நியூயார்க் மாநிலத்தின் சஃபர்ன் ஊரில் பேர்ட்ராக்ஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் குழுவின் ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள். ஒரு நீளப் பாட்டாகத் தொடங்கிய தலைப்புப் பாடல் வளர்ந்து வளர்ந்து 42 நிமிடம் ஆகி இரண்டாம் வட்டு முழுவதையும் பிடித்துக்கொண்டது. 2002 ஜனவரி 29 அன்று வந்த ஆல்பத்தின் மொத்த நீளம் 96 நிமிடம்.

அந்த 42 நிமிடத்தை எட்டாகப் பிரித்திருக்கிறார்கள். முதலில் ஜோர்டன் ருடெஸ் கீபோர்டிலேயே ஓர் ஆர்கெஸ்ட்ராவை எழுப்பி வாசிக்கும் முன்னிசை. பிறகு ஆறு பேர். இருமுனையக் கோளாறு கொண்ட பெண், வியட்நாமிலிருந்து திரும்பிய போர்வீரன், மனச்சிதைவு கொண்டவன், பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வில் குழந்தையைப் பிரிந்து தவிக்கும் தாய், ஆட்டிசம் கொண்டவன், ஆளுமை பிளவுண்ட பெண். ஆட்டிசம் நோயே அல்ல என்று இன்று பள்ளிக்கூடத்தில் கூடச் சொல்லித் தருகிறார்கள். 2002இல் அதை இந்த வரிசையில் உட்கார வைப்பதில் யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை.

கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேளுங்கள். முன்னிசைக்கு 6 நிமிடம் 50 நொடி. போர்வீரனுக்கு 2 நிமிடம் 8 நொடி. ஒரு மனிதன் ஆயுள் முழுக்கச் சுமக்கிற போரை, முன்னிசையில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடித்து அனுப்பிவிடுகிறார்கள். அவனை அடுத்து வருகிற ‘தி டெஸ்ட் தட் ஸ்டம்ப்ட் தெம் ஆல்’ இன்னும் மோசம். மருத்துவர்கள் கோமாளிக் குரலில் பேசிக்கொள்கிறார்கள், டிரம்ஸ் இயந்திரத் துப்பாக்கியாகப் பொழிகிறது, கிதாரும் கீபோர்டும் துரத்திப் பிடித்து விளையாடுகின்றன. மனச்சிதைவு இங்கே வேகமாக வாசிக்கக் கிடைத்த சாக்கு. பாட்டு முடியும்போது நமக்கு நினைவில் நிற்பது அந்த ஆள் அல்ல, பெட்ரூச்சியின் விரல்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். ‘அபௌட் டு க்ராஷ்’ பெண் ஒருத்தி மட்டும் இரண்டாம் முறை வருகிறாள். உற்சாகத்தின் உச்சியிலிருந்து அவள் விழுந்ததோடு முதல் பாட்டு முடிகிறது. 19 நிமிடம் கழித்து, நாம் மறந்துபோன நேரத்தில், அதே மெட்டு துள்ளிக் குதித்துத் திரும்ப வருகிறது. இந்தத் துள்ளல் எங்கே போய் முடியும் என்று கேட்பவருக்கு இப்போது தெரியும். 42 நிமிடத்தில் நோயின் போக்கை இசையின் அமைப்பே சொல்லிவிடுகிற இடம் இது ஒன்றுதான். மற்ற ஐந்து பேரும் கண்காட்சிக் கூடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறார்கள். கடைசியில் ‘க்ராண்ட் ஃபினாலே’யில் அனைவரையும் கூட்டி வைத்து மங்களம் பாடிவிடுகிறார்கள். 2006 ஏப்ரல் 1 அன்று நியூயார்க் ரேடியோ சிட்டி அரங்கில் நிஜ ஆர்கெஸ்ட்ராவோடு இதை முழுக்க வாசித்தபோது கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. ஆர்ப்பரிக்கத் தகுந்த வாசிப்புதான், மறுக்கவில்லை.

எல்லோரும் தாண்டிப் போகிற முதல் வட்டில், முதல் பாட்டாக ‘தி கிளாஸ் ப்ரிஸன்’ இருக்கிறது. டிரம்ஸ் வாசிக்கும் மைக் போர்ட்னாய் 2000இல் குடியை விட்டார். அதற்கு அடுத்த ஆல்பத்தில் அவர் எழுதிய பாட்டு இது. ஜான் மயங் பேஸ் கிதாரில் தனியாக ஆரம்பிக்கிறார், மணியோசை சேர்கிறது, ஒவ்வொரு வாத்தியமாக உள்ளே நுழைகிறது. பிறகு கதவு உடைகிறது. பாடகர் ஜேம்ஸ் லாப்ரியின் பண்பட்ட குரலுக்கு மேல் போர்ட்னாயின் பயிற்சியற்ற கரகரப்புக் குரல் முட்டிக்கொண்டு வருகிறது; அந்தக் கரகரப்பைத் திருத்தாமல் விட்டதே பெரிய காரியம். இங்கும் சாகசம் உண்டு, வேகம் உண்டு. ஆனால் பேசுகிறவன் ‘நான்’. வியாதி யாருக்கோ வந்ததல்ல.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்துக்குப் பன்னிரண்டு படிகள். போர்ட்னாய் இந்தப் பாட்டில் ஏறுவது முதல் மூன்று. மீதியை அடுத்த நான்கு ஆல்பங்களில், ஆல்பத்துக்கு ஒரு பாட்டாக, 2009 வரை எழுதி முடித்தார். முதல் பாட்டின் மெட்டுகள் அடுத்தடுத்த பாட்டுகளில் தலைகாட்டிக்கொண்டே இருக்கின்றன. கற்பனை வறட்சி என்று அப்போது சில ரசிகர்கள் சலித்துக்கொண்டார்கள். குடியை விட்டவனுக்கு நேற்றைய சபலம்தான் இன்றும் வருகிறது, நாளையும் வரும். புதுச் சபலத்துக்கு அவன் எங்கே போவான்? எட்டாம், ஒன்பதாம் படிகள் நாம் யாருக்கெல்லாம் தீங்கு செய்தோம் என்று எண்ணிப் பார்த்து, போய் ஈடு செய்வது. 2007இல் வந்த ‘ரிப்பென்டன்ஸ்’ அதற்கான பாட்டு. பத்து நிமிடத்துக்கு மேல் மந்த நடை. நடுவில் ஓபெத்தின் மிக்கேல் ஓகர்ஃபெல்ட், ஸ்டீவன் வில்சன், ஸ்டீவ் வாய் என்று பல இசைக்கலைஞர்கள் தங்கள் சொந்தக் குரலில் யாரிடமோ மன்னிப்புக் கேட்கிறார்கள். மெட்டல் ரசிகர்கள் அடுத்த பாட்டுக்குத் தாவுகிற இடம் அது. எனக்கு அந்தக் குழுவின் மனநோய்ப் பாட்டுகள் அத்தனையிலும் கூச்சம் தருகிற, ஆகவே உண்மையான, இடம் அது.

2010இல் போர்ட்னாய் குழுவை விட்டுப் போனதால் ஐந்து பாட்டையும் சேர்த்து வாசிக்கும் ஆசை அப்படியே நின்றது. 2017இல் தன் ஐம்பதாவது வயதை ஒட்டி, இங்கிலாந்தின் ஹேக்கன் குழுப் பையன்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு அதை முழுசாக மேடையேற்றினார்.

‘சிக்ஸ் டிகிரீஸ்’ வந்த அதே 2002 ஜனவரியில் ஸ்வீடனின் பெய்ன் ஆஃப் ஸால்வேஷன் ‘ரெமிடி லேன்’ வெளியிட்டதை யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. டானியல் கில்டன்லாவ் கலைந்துபோன கருவையும், உடையப் பார்த்த உறவையும், தற்கொலைக்கு முயன்ற பெண்ணையும் ஒரே வட்டில் எழுதினார். அவர் குரல் உடைகிற இடத்தில் உடைகிறது. இவரும் ‘நான்’ என்று சொல்லத் துணிந்தவர். ‘நான்’ இங்கே சுயசரிதைப் பெருமை இல்லை, பொறுப்பு.

பிறகு வந்தவர்களிடம் கண்காட்சி, ‘நான்’ என்ற இரண்டு வழியும் ஓடின. 2004இல் ஏரியனின் ‘தி ஹ்யூமன் ஈக்வேஷன்’ கோமாவில் கிடப்பவனைச் சுற்றி பயம், கோபம், பெருமை என்று உணர்ச்சிகளுக்கே பாடகர் வைத்து இரட்டை வட்டில் நாடகம் போட்டது; பள்ளி ஆண்டுவிழா உளவியல், பாடியவர்கள் பெரிய பாடகர்கள். கனடாவின் டெவின் டவுன்சென்ட் இருமுனையக் கோளாறுக்கான மருந்தை நிறுத்திவிட்டு ஸ்ட்ராப்பிங் யங் லேட் குழுவுக்காக 2005இல் ‘ஏலியன்’ ஆல்பத்தை எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். பித்தின் உச்சத்தில் பிறக்கும் மேதைமைக்கு அதை ரசிகர்கள் உதாரணம் காட்டுவார்கள். அவரோ குழுவையே கலைத்தார், குடியையும் போதையையும் விட்டார், 2009இல் ‘கீ’ என்று அடங்கிய குரலில் ஓர் ஆல்பம் போட்டார். ‘ஏலியன்’ பெற்ற பேரில் கால்வாசி கூட அதற்கு இல்லை. எனக்கு ‘கீ’தான் பெரிது. ஓபெத் 2003இல் உறுமலை முழுக்க விட்டுவிட்டு ‘டாம்னேஷன்’ செய்தது. போலந்தின் ரிவர்சைட் அதே ஆண்டு ‘அவுட் ஆஃப் மைசெல்ஃப்’ என்று தொடங்கி மூன்று ஆல்பங்களில் ஒரே மனிதனின் உள்ளறையில் உட்கார்ந்திருந்தது. மாஸ்டோடான், இறந்துபோன தங்கள் மேலாளருக்காக 2021இல் ‘ஹஷ்ட் அண்ட் க்ரிம்’ என்று இரட்டை ஆல்பம் போட்டபோது, நீளம் அதிகம் என்று விமர்சகர்கள் குறைப்பட்டார்கள். துக்கம் நீளமானதுதான். அங்கே இரண்டாம் வட்டு பெருமைக்காக இல்லை, தீராததால் வந்தது.

‘பாரசோம்னியா’ பழுதில்லாத கைவினை. போர்ட்னாய் திரும்பி வந்து வாசிக்கிறார், ஒலி திடமாக இருக்கிறது, 19 நிமிடக் கடைசிப் பாட்டு தன் வேலையைச் செய்கிறது. ஆனால் தூக்கம் அதில் பயமுறுத்தும் படத்துக்கான அரங்கப் பொருள். பன்னிரண்டு படி ஏறிய ஆளிடமிருந்து நான் எதிர்பார்த்தது இது அல்ல.

இந்தப் பக்கம் புதிதாக வருகிற இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். இரட்டை ஆல்பத்தை எடுத்தால் முதல் வட்டின் முதல் பாட்டில் ஆரம்பியுங்கள். அங்கிருந்து நேராக ‘ரிப்பென்டன்ஸ்’ போங்கள், தாவாமல் கேளுங்கள். பிறகு ஒரு ராத்திரி ‘எ ப்ளெசன்ட் ஷேட் ஆஃப் க்ரே’. அதன் பாகங்களுக்குத் தலைப்பே கிடையாது, எண் மட்டும்தான். பிடித்த பாட்டை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்ள முடியாது. முழுசாகத்தான் கேட்டாக வேண்டும்.