வி.ஏ. மயக்கம்

கோடை எட்டிப் பார்க்கும் முன்பே திருப்பாதிரிப்புலியூர் கடைவீதியிலும் சிதம்பரத்துத் தேரோடும் வீதிகளிலும் இன்வெர்ட்டர் தட்டிகள் முளைத்துவிடுகின்றன. கொட்டை எழுத்தில் ஓர் எண் இருக்கும்: 900 வி.ஏ., 1100 வி.ஏ., 1500 வி.ஏ. அதன் கீழே பேட்டரிக்கு இத்தனை மாத வாரன்டி, பழைய பேட்டரிக்கு இவ்வளவு கழிவு. வாங்குகிறவர்களும் அந்த எண்ணை வைத்துத்தான் பேசுகிறார்கள். ‘பக்கத்து வீட்டில் 900, நாம் 1500 போட்டுவிடுவோம், பெரிசாகப் போட்டால் பிறகு கவலை இல்லை’ என்பது இந்தப் பழக்கத்துக்கு எல்லோரும் சொல்லும் நியாயம். கேட்பதற்கு முன்யோசனை போலத் தோன்றும் இந்த நியாயம் மற்ற ஊர்களில் பாதி தவறு, கடலூர் மாவட்டத்தில் முழுத் தவறு என்பது என் கட்சி.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். வி.ஏ., அதாவது வோல்ட்-ஆம்பியர், பொய்யான எண் இல்லை. ஒரே நேரத்தில் எவ்வளவு லோடு தாங்கும் என்பதை அது சொல்கிறது. அதை மீறி மிக்சியைப் போட்டால் இன்வெர்ட்டர் அலறி நின்றுவிடும். ஃபேனை உறும வைத்த பழைய சதுர அலை இயந்திரங்களின் இடத்தில் இன்று சைன்வேவ் வந்திருப்பது உண்மையான முன்னேற்றம். ஆக்சிஜன் செறிவூட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு 300, 350 வாட் தொடர்ந்து தேவைப்படும். அங்கே தாராளமான வி.ஏ. கேட்பதில் குற்றமில்லை. ஜெனரேட்டரின் புகையும் இரைச்சலும் இல்லாமல் ஒரு தலைமுறைப் பிள்ளைகளை இந்தப் பெட்டிதான் பரீட்சைக்குப் படிக்க வைத்தது. இவ்வளவும் சரி.

ஆனால் இந்தப் பழக்கம் எந்தக் காலத்தில் பிறந்தது என்று பார்க்க வேண்டும். 2008 தொடங்கி 2014 வரை தமிழ்நாட்டை வாட்டியது உற்பத்திப் பற்றாக்குறை. 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு என்றால் வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரன்ட் இருக்காது. நெய்வேலி அனல்மின் நிலையங்களைத் தன் எல்லைக்குள் வைத்துக்கொண்டே கடலூர் மாவட்டமும் இருட்டில் கிடந்தது. ஆனாலும் அந்த வெட்டுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஒரு மணி நேரம் போகும், ஒரு மணி நேரம் வரும். வரும் நேரத்தில் பேட்டரி கொஞ்சமாவது ஏறிக்கொள்ளும். எனவே எவ்வளவு நேரம் ஓடும் என்ற கேள்வி பெரிதாக எழவில்லை. எதையெல்லாம் ஓட்டலாம் என்பதே கேள்வியாக இருந்தது, அதற்கு வி.ஏ. போதுமான விடை. பற்றாக்குறை தணிந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. கேள்வி மாறிவிட்டது, விடை மட்டும் தட்டியில் அப்படியே தொங்குகிறது.

இன்றைக்கு இந்தக் கடற்கரையில் கரன்ட் போவது நெய்வேலியில் உற்பத்தி குறைந்ததால் இல்லை. கம்பம் சாய்வதால், கம்பி அறுவதால், துணைமின் நிலையத்தில் தண்ணீர் புகுவதால். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் சாய்த்ததோடு மின்கம்பங்களையும் ஆயிரக்கணக்கில் சாய்த்தது. கிராமங்களில் வாரக்கணக்கில் விளக்கு எரியவில்லை. 2015 நவம்பரில் வெள்ளம். 2020 நவம்பரில் நிவர் புயல். புயல் நெருங்கும்போது ஈ.பி.யே முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்திவிடும் என்பது இங்கே எல்லோரும் அறிந்த நடைமுறை. நிவருக்கு அடுத்த மாதமே புரெவி புயலின் மழையில் சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. ஃபெஞ்சல் புயல் கரையேறி முடிந்த பிறகு, 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூரைச் சூழ்ந்தது. புயல் இல்லாத மாதங்களிலும் பராமரிப்புக்கென்று காலை ஒன்பதிலிருந்து மாலை வரை நிறுத்தம் உண்டு. கரன்ட் போவது அடிக்கடி இல்லை, ஆனால் போனால் நீளமாகப் போகிறது. நடுவில் வந்து பேட்டரியை நிரப்பிவிட்டுப் போகிற வழக்கமும் அதற்கு இல்லை. இப்படிப்பட்ட இருட்டுக்கு முன்னால் 1500 வி.ஏ. என்ற எண் எதையும் சொல்வதில்லை. குழாயின் அகலத்தைக் கேட்டு வாங்கிவிட்டுத் தொட்டியின் அளவைக் கேட்காமல் வருவது போன்றது அது.

தொட்டியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்; சிரமமானதில்லை. பெரும்பாலான வீடுகளில் இருப்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி. பெருக்கினால் 1800 வாட்-மணி, அதாவது இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. அதுவும் பேட்டரியை 20 மணி நேரத்தில் மெல்ல மெல்லக் காலி செய்தால் கிடைக்கும் அளவு. லேபிளில் சிறிய எழுத்தில் ‘சி20’ என்று இருப்பதன் பொருள் அதுதான். வேகமாக இழுத்தால் ஈயப் பேட்டரி அவ்வளவையும் தராது. இன்வெர்ட்டரும் மாற்றும்போது ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். நான்கு சாதாரண சீலிங் ஃபேன், ஆறு எல்.இ.டி. விளக்கு, ஒரு டி.வி. என்று 440 வாட் ஓட்டுகிற வீட்டில் நல்ல நிலையில் உள்ள பேட்டரியே இரண்டரை மணி நேரத்தைத் தாண்டுவது அரிது. அதே பேட்டரியில் 30 வாட் இழுக்கும் புதுவகை பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, விளக்கு மூன்று, செல்போன் சார்ஜ் என்று 100 வாட்டில் நின்றால் பன்னிரண்டு மணி நேரம் ஓடும், ஓர் இரவு முழுக்கக் கடந்துவிடலாம். பெட்டியும் பேட்டரியும் ஒன்றே. வித்தியாசம் கூரையில் சுற்றும் ஃபேனில் இருக்கிறது. பழைய ஃபேன் 75 வாட் கேட்கிறது, புதியது அதில் பாதிக்கும் குறைவாகக் கேட்கிறது. 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகிவிட்டதால் அட்டையைப் படித்தாலே தெரியும். 900இலிருந்து 1500க்குத் தாவ ஆகும் காசை ஃபேனை மாற்றுவதில் போடலாம். அதே பேட்டரியோடு தாவினால் ஒரு நிமிடம்கூடக் கூடாது, மாற்றினால் மணிக்கணக்கில் கூடும். எந்தத் தட்டியும் இதைச் சொல்வதில்லை. சொன்னால் பெரிய பெட்டி விற்காதே.

பெரிதாக வாங்குவது பயனற்றது என்பதோடு நில்லாமல், நீண்ட இருட்டில் அது கெடுதலாகவும் முடியலாம். எதுவும் ஓடாதபோதும், வெறுமனே ‘ஆன்’ ஆக இருப்பதற்கென்று இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டே இருக்கும். வீட்டு வகைகளில் இது பத்திலிருந்து இருபது வாட் வரை போகும். பெட்டி பெரிதானால் பெரும்பாலும் இதுவும் கூடும். 15 வாட் என்றே வையுங்கள். ஒரு நாளைக்கு 360 வாட்-மணி. பேட்டரி உண்மையில் தரக்கூடியதில் கால் பங்குக்கு மேல் யாருக்கும் பயன்படாமல் கரைந்துவிடுகிறது. புயல் நாளில் பகலெல்லாம் இன்வெர்ட்டரை முன்பக்க சுவிட்சில் அணைத்துவைக்க வேண்டும் என்பது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? இன்னொன்று, நிரப்பும் வேகம். காலியான 150 ஆம்பியர்-மணி பேட்டரி 10, 15 ஆம்பியர் சார்ஜில் முழுதாக ஏற பத்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். மூன்று நாள் கழித்துக் கரன்ட் இரண்டு மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் பேட்டரி அரைகுறையாகவே நிற்கும். அந்த நிலையில் கிடக்கக் கிடக்கத் தகடுகளில் சல்பேட் படிந்து, அடுத்த கோடையில் ‘பேட்டரி போச்சு’ என்பார்கள். வாரன்டி அட்டையைத் தேடுவார்கள். பேட்டரி கெட்டது கம்பெனியின் குற்றம் என்று முடிவு கட்டிவிடுவதும் இதே பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

இந்த விஷயத்தில் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகள் நம் வீடுகளைவிடத் தெளிவானவை. ஜி.பி.எஸ்., வயர்லெஸ், விளக்கு எல்லாம் பேட்டரியின் டி.சி. மின்சாரத்திலேயே நேராக ஓடுகின்றன. இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஏறிக்கொள்கிறது. இன்வெர்ட்டரை நடுவில் நுழைத்து ஐந்தில் ஒரு பங்கை இழக்கும் வேலை அங்கே கிடையாது. கரை திரும்புகிற வரைக்கும் வயர்லெஸ் பேச வேண்டும் என்பதால் ‘எவ்வளவு நேரம்’ என்ற கேள்விதான் அங்கே முதலில் வருகிறது. வீட்டிலும் இரண்டு விளக்கையும் ஒரு சிறு ஃபேனையும் டி.சி.யிலேயே தனியாக ஓட்டலாம். செலவும் குறைவு. ஆனால் அதை வரவேற்பறையில் காட்டிப் பெருமைப்பட முடியாது.

மறுப்புகள் உண்டு. புயல் எப்போதோ வருவது, தினசரித் தேவைக்குத்தானே வாங்குகிறோம் என்பது முதல் மறுப்பு. தினசரித் தேவை என்பது இன்று அரை மணி, ஒரு மணி நேரத் தடைதான். அதற்குச் சிறிய பெட்டியே அதிகம். அப்படியானால் 1500 வி.ஏ. எந்தத் தேவைக்கு? தினசரிக்கு அது மிகை, புயலுக்கு அது போதாது. போதாததற்குக் கணக்கே கோடைக்காகப் போடப்படுகிறது; நீண்ட இருட்டு வருவதோ ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். அப்போது எல்லா அறையிலும் ஃபேன் சுற்ற வேண்டியதில்லை. வீட்டார் படுக்கும் அறையில் கொசுவை விரட்ட ஒன்று சுற்றினால் போதும். மழைக்காலத்தை நினைத்துக் கணக்குப் போட்டிருந்தால் லோடு தானாகவே பாதியாகியிருக்கும்.

தண்ணீர் மோட்டாருக்காகத்தான் பெரிதாக வாங்குகிறோம் என்பது இரண்டாவது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போதே 750 வாட்டுக்கு மேல் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப் போல் பல மடங்கு கேட்கும். அதைத் தாங்கும் பெட்டியை வாங்கி வருடம் முழுக்க வைத்திருப்பதைவிட, புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிய அன்று தொட்டியை நிரப்பிவைப்பது மலிவு. மின்தடை வாரக்கணக்கில் நீண்டபோது, 2018இல் கஜா புயல் அடித்த காவிரி டெல்டாவில், ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துதான் வீடுகளின் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். அந்த வேலைக்கு அதுதான் சரியான கருவி.

மூன்றாவது மறுப்பு புதிது: ‘இனி மாடியில் சோலார் வந்துவிடும், இன்வெர்ட்டர் பேச்சே வேண்டாம்.’ 2024இல் பிரதமரின் சூர்யகர் திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைப்பதால் இந்த நம்பிக்கை பரவியிருக்கிறது. பில் குறைவதைப் பொறுத்தவரை திட்டம் நல்ல திட்டம்தான். ஆனால் அதில் சாதாரணமாகப் பொருத்தப்படும் கிரிட் இன்வெர்ட்டர், ஈ.பி. கரன்ட் நின்ற கணத்தில் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காப்பதற்காக அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மாடியில் 3 கிலோவாட் தகடு வெயில் காய்ந்துகொண்டிருக்க, கீழே மெழுகுவத்தி எரியும். இதைத் தவிர்க்கப் பேட்டரியோடு சேர்ந்து இயங்கும் ஹைப்ரிட் வகை வேண்டும்; அல்லது இருக்கிற பேட்டரிக்கு 330 வாட் அளவில் ஒரு தகடும் சார்ஜ் கன்ட்ரோலரும் தனியே போட வேண்டும். நம் வெயிலில் அது நாளுக்கு ஒரு யூனிட்டுக்குக் குறையாமல் தரும். 100 வாட் லோடில் ஓர் இரவுக்கு அது ஏறக்குறைய சரியாகிவிடும். புயலன்று வானம் மூடியிருக்கும், உண்மைதான். ஆனால் புயல் கடந்த ஓரிரு நாளில் வெயில் வந்துவிடுகிறது. கம்பம்தான் வருவதில்லை.

லித்தியம் வந்தால் எல்லாம் மாறும் என்பவர்களுக்கும் இதே பதில். லித்தியம் பேட்டரி தன் கொள்ளளவில் பெரும்பகுதியைத் தயங்காமல் தருகிறது, சீக்கிரம் ஏறுகிறது, எடை குறைவு என்பதால் சுவரிலும் மாட்டலாம். வெள்ளம் புகும் ஊரில் கடைசிச் சிறப்பு சாமானியமானதில்லை. ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும் டியூபுலர் ஈயப் பேட்டரியைத் தண்ணீர் வரும் இரவில் யார் தூக்குவது? ஆனால் லித்தியத்தையும் வி.ஏ. பார்த்தே விற்கிறார்கள், வி.ஏ. பார்த்தே வாங்குகிறோம். அதற்குள் எத்தனை வாட்-மணி இருக்கிறது என்று கேட்காதவரை புது ரசாயனமும் பழைய ஏமாற்றத்தையே தரும்.

கடைக்காரர் கேட்கும் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: எத்தனை ஃபேன், எத்தனை லைட்? எவ்வளவு நேரம் என்ற அடுத்த கேள்வியை அவர் கேட்பதில்லை, அதனால் நாம் கேட்க வேண்டும். கடலூரிலோ சிதம்பரத்திலோ பரங்கிப்பேட்டையிலோ அடுத்த முறை இன்வெர்ட்டர் வாங்கப் போகிறவர்கள், இந்த லோடுக்கு இத்தனை மணி நேரம் ஓடும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.