தாய்மொழி என்ற கட்டம்

பீட்டர் மெட்ஜெஷ் 1994-ல் எழுதிய 'தி நான்-நேட்டிவ் டீச்சர்' நூலை இந்த வாரம் திரும்பப் படித்தேன். ஆங்கிலம் கற்பிக்கும் ஹங்கேரியர் அவர். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஆசிரியருக்கும் பலம் உண்டு என்கிறார்: தானே கஷ்டப்பட்டுக் கற்றவர், மாணவர் எங்கே தடுமாறுவார்னு முன்கூட்டியே தெரியும், இலக்கணத்தை விளக்குவார். சரளம் மற்றவர் பக்கம். யார் உசத்தி என்ற கேள்விக்கு, இருவரும் வேறு வேறு, அவ்வளவுதான் என்பது அவர் பதில்.

ராபர்ட் பிலிப்சன் 1992-லேயே இன்னும் கடுமையாகச் சொன்னார். 1961-ல் உகாண்டாவின் மக்கரேரேயில் நடந்த மாநாட்டின் நம்பிக்கைகளில் ஒன்று, ஆங்கிலத்துக்கு உகந்த ஆசிரியர் அதைத் தாய்மொழியாகக் கொண்டவரே என்பது. அது போலிவாதம் என்றார்.

இணையத்தில் அது இன்னும் சாகலை. 'நேட்டிவ்' கட்டத்தில் ஒரு டிக் போட்டால் போதும், கோயம்புத்தூர்ல இருபது வருஷமா இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவங்க பட்டியல்லயே வரமாட்டாங்க. சீனாவின் விஐபிகிட் நிறுவனம் வட அமெரிக்க ஆசிரியர்களை முன்னிறுத்தியே வளர்ந்தது.

எனக்கு மெட்ஜெஷிடம் ஒரு சண்டை உண்டு. 'நேட்டிவ்' என்பதை வரையறுப்பது கஷ்டம்னு அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் நடைமுறைக்காக அந்தப் பிரிவை வைத்துக்கொள்கிறார். தமிழுக்கு அது பொருந்தாது.

என் கதையே சாட்சி. பொள்ளாச்சிப் பக்கம் பிறந்தேன், வீட்டில் தெலுங்கு. கொங்கு நாட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் பல தலைமுறையாக இருக்கின்றன. ஒரு தளத்தில் தமிழ் ஆசிரியராகப் பதியும்போது தாய்மொழி கேட்டார்கள், உண்மையைப் போட்டேன். தமிழ் எனக்கு இரண்டாம் மொழி ஆகிவிட்டது! தெலுங்கில் எனக்கு ஒரு வரி எழுத வராது. அந்தத் தளத்தில் தெலுங்கு வாத்தியாராக நான் 'நேட்டிவ்'.

சரி, யார்தான் நேட்டிவ்? 'போனானுங்க' என்ற ஒரே சொல்லைப் பாருங்க. சென்னைக்காரர் காதில் அது 'அவனுங்க போனானுங்க', அதாவது பல பேர், மரியாதை இல்லாமல். எங்க ஊரில் அது 'அவன் போனான்ங்க'. போனவன் ஒருத்தன், மரியாதை கேட்கிறவருக்கு. கோவை மாமியாரிடம் பேசணும்னு தமிழ் கற்கும் மருமகளுக்கு இந்த வித்தியாசம் உயிர். சென்னையில் பிறந்த ஆசிரியருக்கு இது தெரியாமலே இருக்கலாம். எங்க ஊர்க்காரரிடம் ஏன்னு கேட்டால், "அப்படித்தானுங்க சொல்லுவோம்" என்பதோடு முடிஞ்சிடும்.

எழுத்துத் தமிழோ யாருடைய வீட்டிலும் பேசப்படுவதில்லை, எல்லோரும் பள்ளியில் கற்றதுதான். செந்தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் தனித்தனி இலக்கணம் எழுதிய வீரமாமுனிவர் இத்தாலியர். பேச்சுத் தமிழ் இலக்கணத்தை 1999-ல் விரிவாக எழுதிய ஹரால்ட் ஷிஃப்மன் அமெரிக்கர். இன்றைய கட்டத்தில் இருவருமே வெளியே நிற்பார்கள்.

மாணவர்களின் விருப்பத்தை நான் பழிக்கவில்லை. காசு கொடுக்கிறவர் நல்ல உச்சரிப்பு கேட்பது நியாயம். ஆனால் அவருக்கு உண்மையில் தேவையானதை அந்தப் படிவம் கேட்பதே இல்லை: எந்த ஊர்த் தமிழ் வேணும், யாரோட பேச வேணும், ஏன்னு கேட்டா விளக்கத் தெரிஞ்ச ஆள் வேணுமா? இந்த மூணு கேள்வியும் இருந்தால் நானும் பட்டியலில் வருவேன். சென்னைக்காரரும் அவருக்கான இடத்தில் வருவார்.