லாவோகூன் சிலை: நீட்டிய கையும் மடங்கிய கையும்

'லாவோகூனும் அவன் மைந்தர்களும்' வத்திக்கான் அருங்காட்சியகத்தில் உள்ள பளிங்குச் சிற்பத் தொகுதி. ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுடையது. ரோட்ஸ் தீவைச் சேர்ந்த அகெசாண்டர், பாலிடோரோஸ், அதெனோடோரோஸ் ஆகிய மூவரும் இதனை ஒரே கல்லில் வடித்ததாக ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி குறிப்பிட்டார். ஆனால் இன்றுள்ள சிலை பல துண்டுகளை இணைத்துச் செய்யப்பட்டது.

கதை

லாவோகூன் டிராய் நகரின் பூசாரி. கிரேக்கர் விட்டுச்சென்ற மரக்குதிரையை நம்ப வேண்டாம் என்று நகரத்தாரை எச்சரித்தான். கடலிலிருந்து வந்த இரண்டு பாம்புகள் அவனையும் அவன் மைந்தர் இருவரையும் சுற்றிக் கொன்றதாக வர்ஜிலின் காவியம் கூறுகிறது. அவன் சொன்னது உண்மை. ஆனால் அவனுடைய சாவையே தெய்வத் தண்டனையாகக் கருதி நகரத்தார் குதிரையை உள்ளே இழுத்துச் சென்றனர்.

வலக்கை

1506 சனவரியில் ரோம் நகரத் திராட்சைத் தோட்டம் ஒன்றில் சிலை கண்டெடுக்கப்பட்டபோது தந்தையின் வலக்கை இல்லை. 1530களில் மொந்தோர்சோலி என்னும் சிற்பி, வானை நோக்கி நீண்ட கையொன்றைச் செய்து பொருத்தினார். 1906 இல் தொல்லியலாளர் லூத்விக் போலாக், ரோமில் மடங்கிய பளிங்குக் கை ஒன்றைக் கண்டெடுத்தார். அது இச்சிலைக்குரியது என உறுதிப்பட்டு 1950களின் இறுதியில் பொருத்தப்பட்டது.

மதிப்பீடு

வின்கெல்மன் 1755 இல் இச்சிலையில் வேதனையை அடக்கியாளும் மனத்தின் பெருமிதத்தைக் கண்டார். லாவோகூன் ஏன் அலறவில்லை என்ற கேள்வியிலிருந்து, கவிதைக்கும் சிற்பத்துக்குமான எல்லைகளை 1766 இல் லெஸ்ஸிங் ஆராய்ந்தார். இருவர் காலத்திலும் சிலைக்கு நீட்டிய கையே இருந்தது. அந்தக் கை அவனை இறுதிவரை போராடும் வீரனாக்கியது. மடங்கிய கை தலைக்குப் பின்னே ஒடுங்குகிறது; விசை வெளியே செல்லாமல் உடலுக்குள்ளேயே திரும்புகிறது. உள்ளிழுத்த வயிறும் புடைத்த விலாவும் இப்போதுதான் முழுப்பொருள் பெறுகின்றன. வாய் அலறாததை உடல் அலறுகிறது.

குறையும் உண்டு. மைந்தர் இருவரும் சிறுவர்களாக இல்லை. வளர்ந்த ஆண்களைச் சிறிதாக்கியது போலிருக்கின்றனர். எனினும், காலில் சுற்றிய பாம்பை விலக்கியபடி தந்தையைத் திரும்பிப் பார்க்கும் மூத்தவனின் முகம் அக்குறையை மறக்கச் செய்கிறது. அவன் ஒருவேளை தப்பக்கூடும். ஆனால் பார்த்ததிலிருந்து தப்ப முடியாது.